மொட்டை மாடியிலிருந்து ஒரு பட்டியல்: பறவைகளைப் பதிவு செய்ய இ-பேர்ட்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று. இ-மெயில் பார்க்கிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள், வெளிநாட்டில் இருக்கும் பேரனுடன் வீடியோவில் பேசுகிறீர்கள். இதற்கு மேல் இதை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் ஒரு வேலை சொல்கிறோம். தினமும் கால் மணி நேரம் போதும். பைசா செலவில்லை. வேண்டியது ஒரு ஜன்னல் அல்லது மொட்டை மாடி, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா. கம்ப்யூட்டருக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

கண்ணில் படும் பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்ற வெப்சைட்டில் பதிவு செய்வதுதான் அந்த வேலை. "காக்காயையும் புறாவையும் எண்ணி யாருக்கு என்ன லாபம்?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

சிட்டுக்குருவி எங்கே போனது?

மயிலாப்பூர் மாட வீதிகளிலோ தி. நகரின் உள்தெருக்களிலோ ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "எங்கள் வீட்டு மின்சார மீட்டருக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும், இப்போது ஒன்றைக்கூடக் காணோம்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் உடனே வரும் பதில், செல்போன் டவர். 2018-ல் வந்த ரஜினியின் 2.0 படம் இதையே கதையாக்கி ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

2020 பிப்ரவரியில் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை ஒன்று வெளியானது. பல ஆராய்ச்சி நிறுவனங்களும் இயற்கை அமைப்புகளும் சேர்ந்து தயாரித்தது அது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளுக்கு மேலாகச் சிட்டுக்குருவியின் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை என்றது அந்த அறிக்கை. ஆனால் சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது என்றும் சொன்னது. செல்போன் டவர்தான் காரணம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சிகள் குறைந்ததும், கூடு கட்டப் பொந்துகள் இல்லாமல் போனதும் காரணமாக இருக்கலாம் என்பது அதன் கணிப்பு. ஆக, மயிலாப்பூர்ப் பெரியவர்கள் கண்டது சரி. சொன்ன காரணம்தான் நிற்கவில்லை.

இது எப்படித் தெரிந்தது? அரசாங்கம் வீடு வீடாக ஆள் அனுப்பிக் குருவி எண்ணவில்லை. பாங்க் ஊழியர், பள்ளி ஆசிரியை, ரிட்டயர் ஆனவர், கல்லூரி மாணவர் என்று 15,000-க்கும் மேற்பட்டவர்கள் இ-பேர்டில் போட்டு வைத்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கூட்டிப் பார்த்ததில் தெரிந்தது. 2023-ல் வந்த அடுத்த அறிக்கையில் பறவை பார்ப்பவர்கள் சுமார் 30,000 பேர், பதிவுகள் 3 கோடி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2023 அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. நீண்ட காலத்தில் கூடியதா, குறைந்ததா என்று சொல்ல முடிந்தது 338 வகைகளுக்கு மட்டுமே. அவற்றில் 60 சதவிகிதம் குறைந்திருக்கின்றன. மீதி 604 வகைகள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்குப் பதிவுகள் போதவில்லை. 1985-ல் பனகல் பூங்காவில் எத்தனை சிட்டுக்குருவி இருந்தன என்று கேட்டால் "ஏகப்பட்டது" என்பார்கள். ஏகப்பட்டது என்பதை எந்தக் கம்ப்யூட்டரிலும் கூட்டிக் கழிக்க முடியாது. இன்று அதே பனகல் பூங்காப் பக்கம் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. வேலை முடிந்த பிறகு அங்கே எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்று சொல்ல வேண்டுமானால், முன்னால் என்ன இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

யார் நடத்துகிறார்கள்?

அமெரிக்காவில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சொசைட்டியும் சேர்ந்து 2002-ல் தொடங்கிய தளம் இது. 2010-ல் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். 2021-ல் மொத்தப் பதிவுகள் 100 கோடியைத் தாண்டின. இந்தியப் பகுதியை பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற குழு கவனித்துக்கொள்கிறது. உள்ளே போடும் தகவல்களை ஆராய்ச்சியாளர்கள் இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விற்பனைக்கு அல்ல.

சென்னைக்குப் பறவைக் குறிப்பு எழுதுவது புதிதல்ல. ஜெர்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்தியப் பறவைகள் பற்றிய தன் படப் புத்தகத்தை 1843 முதல் 1847 வரை இந்த ஊரில்தான் அச்சிட்டு வெளியிட்டார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் மயிலாப்பூரில் இருந்துகொண்டே 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிவந்தார். 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பிளாக்பக் என்று ஒரு பத்திரிகையே நடத்துகிறது. ஆனால் எழுதியதெல்லாம் புத்தகத்திலும் டைரியிலும் தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றாகச் சேர்த்துத் தேட வழியில்லை. இ-பேர்ட் செய்திருப்பது அந்தச் சேர்க்கும் வேலையைத்தான்.

அக்கவுண்ட் தொடங்குங்கள்

பிரவுசரைத் திறந்து முகவரிக் கட்டத்தில் இ-பேர்ட் டாட் ஆர்க் ஸ்லாஷ் இந்தியா என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். இ-க்கும் பேர்டுக்கும் இடையில் கோடு வேண்டாம். 'கிரியேட் அக்கவுண்ட்' என்பதை கிளிக் செய்தால் பெயர், இ-மெயில் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கும். இ-மெயிலுக்கு வைத்திருக்கும் அதே பாஸ்வேர்டை இங்கேயும் வைக்காதீர்கள். உங்கள் பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்றால், பிறகு 'பிரிபரன்ஸஸ்' பகுதியில் போய்ப் பெயரை மறைத்துவிடலாம். பதிவு மட்டும் இருக்கும், ஆள் யார் என்று தெரியாது.

முதலில் நோட்டுப் புத்தகம்

கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன் நான்கு விஷயங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: எந்த இடம், என்ன தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கி எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், நடந்திருந்தால் எவ்வளவு தூரம். பிறகு பறவைகளும் எண்ணிக்கையும். காது கேட்டதும் கணக்கில் சேரும். குயில் கண்ணில் படாவிட்டாலும் குரல் கேட்டால் எழுதிக்கொள்ளுங்கள். சித்திரை மாதத்தில் சென்னையில் குயிலைக் கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

காலை ஆறரைக்கு மாடியில் நின்றால் கால் மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வகை தேறும். காகம், மாடப்புறா, மைனா, பச்சைக்கிளி, தேன்சிட்டு, பருந்து. முருங்கையோ மாமரமோ பக்கத்தில் இருந்தால் தையல்சிட்டு, வால்காக்கை, டொக் டொக் என்று பாத்திரம் தட்டுவதுபோல் கூவும் குக்குறுவான். அடையாளம் தெரியாததை விட்டுவிடுங்கள். தெரியாத பறவைக்குத் தெரிந்த பெயர் வைப்பதைவிட விட்டுவிடுவது மேல்.

கம்ப்யூட்டரில் ஏற்றுவது

மேலே 'சப்மிட்' என்று இருப்பதை கிளிக் செய்யுங்கள். முதலில் இடம் கேட்கும். 'பைண்ட் இட் ஆன் எ மேப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரைபடம் திறக்கும். மவுஸின் நடுச்சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கி உங்கள் தெருவைக் கண்டுபிடித்து கிளிக் செய்து ஒரு பெயர் கொடுங்கள். இந்தப் பெயர் மற்றவர்களுக்கும் தெரியும். ஆகவே கதவு எண், தெரு, உங்கள் பெயர் எல்லாம் சேர்த்து எழுத வேண்டாம். 'மயிலாப்பூர் மாடி' என்றால் போதும்; புள்ளியையும் தெருமுனையில் வைத்துக்கொள்ளலாம்.

கிண்டி தேசியப் பூங்கா, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற இடங்களில் ஏற்கெனவே சிவப்புக் குறி இருக்கும். இதை ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். மொபைல் போனிலிருந்து இன்டர்நெட் பங்கிடும் ஹாட்ஸ்பாட் அல்ல. பலரும் வந்து பறவை பார்க்கும் பொது இடம். அங்கே போயிருந்தால் புதிதாகப் புள்ளி வைக்காமல் அந்தச் சிவப்புக் குறியையே கிளிக் செய்யுங்கள். எல்லோருடைய பட்டியலும் ஒரே இடத்தில் சேரும்.

அடுத்த பக்கத்தில் தேதி, நேரம், பார்த்த விதம். மாடியில் ஒரே இடத்தில் நின்றிருந்தால் 'ஸ்டேஷனரி'. நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றி நடந்திருந்தால் 'டிராவலிங்'. காய்கறி வாங்கப் போன வழியில் கொண்டலாத்தியைப் பார்த்தது போன்ற தற்செயல் என்றால் 'இன்சிடென்டல்'. போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒரு பக்கத் தூரம் மட்டும் கொடுக்க வேண்டும். ஏ.எம்., பி.எம். மாற்றிவிடாதீர்கள். மாலை ஆறு மணிக் கிளிக் கூட்டம் விடிகாலைக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

பிறகு, அந்தப் பகுதியில் அந்த மாதத்தில் இருக்கக்கூடிய பறவைகளின் பட்டியலைத் தளமே கொண்டுவந்து கொடுக்கும். பெயருக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் எண்ணிக்கையை டைப் செய்ய வேண்டும். எண்ணவே முடியாவிட்டால் எக்ஸ் என்ற எழுத்தைப் போடலாம். ஆனால் சுமாராகவாவது ஒரு எண் போடுவதே உபயோகம். பட்டியலில் உருட்டித் தேட வேண்டாம். தேடும் கட்டத்தில் இரண்டு சொல் பெயராக இருந்தால் ஒவ்வொரு சொல்லின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினாலே பெரும்பாலும் வந்துவிடும்.

பெயர்கள்தான் தொடக்கத்தில் தொல்லை. நம் காகம் அங்கே ஹவுஸ் குரோ. அண்டங்காக்கை லார்ஜ் பில்டு குரோ. சிட்டுக்குருவி ஹவுஸ் ஸ்பாரோ, மைனா காமன் மைனா, குயில் ஏசியன் கோயல், மாடப்புறா ராக் பிஜியன், பச்சைக்கிளி ரோஸ் ரிங்டு பாரகீட், செம்போத்து கிரேட்டர் கூகல், குக்குறுவான் காப்பர்ஸ்மித் பார்பெட். தேன்சிட்டில் ஒன்றுக்கு மேல் உண்டு. மஞ்சள் வயிறும் ஊதா முதுகுமாக இருந்தால் பர்ப்பிள் ரம்ப்டு சன்பேர்ட். ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் பத்து நாளில் மனப்பாடமாகிவிடும்.

'யெஸ்'ஸா 'நோ'வா?

சப்மிட் பட்டனை அழுத்தும் முன் ஒரு கேள்வி வரும். அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் சேர்த்திருக்கிறீர்களா என்பது அதன் பொருள். பலர் படிக்காமலே ஏதோ ஒன்றை கிளிக் செய்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

காகம், புறாவெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டு, மீன்கொத்தியை மட்டும் போட்டிருந்தால் 'நோ' கொடுக்க வேண்டும். கண்டுபிடித்த எல்லாவற்றையும் போட்டிருந்தால் 'யெஸ்'. பெயர் தெரியாத இரண்டு பறவை விட்டுப்போயிருந்தாலும் அது 'யெஸ்'தான்.

'யெஸ்' கொடுத்தால் என்ன ஆகிறது? பட்டியலில் இல்லாத பறவையும் பேச ஆரம்பிக்கிறது. சிட்டுக்குருவி தெரிந்த ஒருவர், மயிலாப்பூர் மாடியில் கால் மணி நேரம் நின்று எல்லாவற்றையும் எழுதியும் சிட்டுக்குருவி அதில் இல்லையென்றால், அது ஒரு தகவல். 'நோ' கொடுத்த பட்டியலில் சிட்டுக்குருவி இல்லையென்றால், வராததால் இல்லையா, எழுதாததால் இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் இந்த வருடம் 100 முழுப் பட்டியல்கள். 40-ல் சிட்டுக்குருவி இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து 200 பட்டியல்கள், 50-ல் இருக்கிறது. வெறும் பதிவுகளைப் பார்த்தால் 40 என்பது 50 ஆகக் கூடியிருக்கிறது. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் 40 என்பது 25 ஆகக் குறைந்திருக்கிறது. கம்ப்யூட்டரும் பறவை பார்ப்பவர்களும் பெருகிய நாட்டில் இந்த இரண்டாவது கணக்குதான் உண்மையைச் சொல்லும். முழுப் பட்டியல் இல்லாமல் அந்தக் கணக்கைப் போட முடியாது. அபூர்வப் பறவையின் அழகான போட்டோ ஒன்றைவிட, காகமும் புறாவும் நிறைந்த உங்கள் மாடிப் பட்டியலுக்கு இங்கே மதிப்பு அதிகம் என்பது இதனால்தான்.

இருவர் சேர்ந்து பார்த்திருந்தால் ஆளுக்கொரு பட்டியல் போட வேண்டாம். ஒருவர் போட்டுவிட்டு 'ஷேர்' மூலம் மற்றவரின் யூசர் நேமைச் சேர்த்தால் இருவர் கணக்கிலும் ஏறும். காகம் இரண்டு முறை எண்ணப்படாது.

கேள்வி கேட்டு மெயில் வந்தால்

எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, அந்தப் பருவத்தில் இங்கே இல்லாத பறவையைப் போட்டாலோ தளம் உடனே உறுதி செய்யச் சொல்லும். 5 என்பதற்குப் பதில் 55 தட்டிவிட்டால் அங்கேயே பிடிபடும். அதையும் தாண்டினால், அந்தந்தப் பகுதியின் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்த்துவிட்டு விவரம் கேட்டு மெயில் அனுப்பலாம். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. போட்டோ இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் நிறம், அளவு, குரல் என்று பார்த்ததை எழுதுங்கள். நிச்சயமில்லையென்றால் அந்த ஒரு வரியை நீக்கிவிடலாம்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு இ-பேர்டின் ஆப் உண்டு. நேரத்தையும் நடந்த தூரத்தையும் தானே குறித்துக்கொள்ளும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் என்ற இன்னொரு இலவச ஆப்பும் இதே ஆய்வகத்துடையது. கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் மெர்லின் சொன்னது என்பதற்காக மட்டும் பட்டியலில் ஏற்றாதீர்கள். ஆட்டோ ஹாரனுக்கும் பக்கத்து வீட்டு மிக்ஸிக்கும் நடுவில் அதற்கும் காது தடுமாறும். மாடியிலும் பேப்பரில் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எனக்கு என்னவோ நோட்டில் எழுதி, பெரிய திரையில் நிதானமாக ஏற்றுவதே பிடிக்கிறது.

பழைய டைரி இருக்கிறதா?

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களால்தான் வசதியாகச் செய்ய முடிகிற வேலை இது. அப்பாவோ மாமாவோ அடையாறு முகத்துவாரத்திலும் தியசாபிகல் சொசைட்டி தோட்டத்திலும் பறவை பார்த்து எழுதி வைத்த டைரி ஏதாவது பரணில் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேலே சொன்ன 604 வகைகளுக்குப் பதில் இப்படிப்பட்ட நோட்டுகளில்தான் இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்துக்கு ஒரு காலத்தில் வந்த கரையோரப் பறவைகளின் கூட்டத்தை இன்று அங்கே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

நாலைந்து பட்டியல் என்றால் சாதாரணமாகவே ஏற்றலாம்; எந்த வருடத் தேதி வேண்டுமானாலும் கொடுக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் எக்ஸெல்லில் டைப் செய்து மொத்தமாக ஏற்ற 'இம்போர்ட் டேட்டா' வசதி இருக்கிறது. எந்தப் பத்தியில் என்ன வர வேண்டும் என்ற மாதிரி அங்கேயே கிடைக்கும். மொத்தம் 19 பத்திகள். தலைப்பு வரிசை கூடாது. பைலை எக்ஸெல் வடிவத்தில் அல்லாமல் சி.எஸ்.வி. ஆக சேவ் செய்ய வேண்டும். நம்மவர்களுக்குக் கைதவறும் இடங்கள் இரண்டு. தேதி அமெரிக்க முறையில், மாதம் முதலில் வர வேண்டும். 1992 ஜூன் 5 என்பதை 06/05/1992 என்று எழுதணும். நம் வழக்கப்படி 05/06 என்று போட்டால் மே 6 ஆகிவிடும். குளிர்காலப் பறவை கோடையில் வந்ததாகக் கணக்கு கெட்டுப்போக இதுவே போதும். தூரத்தை மைலில் கொடுக்க வேண்டும். 1 மைல் சுமார் 1.6 கிலோமீட்டர். டைரியில் நேரமோ முழு விவரமோ இல்லாமல் ஒரே ஒரு பறவையின் பெயர் மட்டும் இருந்தால் 'இன்சிடென்டல்' என்று போடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

போட்டதைத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. 'டவுன்லோட் மை டேட்டா' கொடுத்தால் நீங்கள் ஏற்றிய அத்தனையும் ஒரே பைலாக வரும். வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டால் மட்டும் போதுமா?

'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் பார் சார்ட் ஒன்று இருக்கிறது. இந்தியா, தமிழ்நாடு, சென்னை என்று தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்து, எந்தப் பறவை எப்போது தெரிகிறது என்று பச்சைக் கோடுகளாகக் காட்டும். காகத்துக்கு வருடம் முழுவதும் தடித்த கோடு. பிட்டாவுக்கு அப்படி அல்ல. ஒன்பது நிறம் சொல்லப்படும் இந்தப் பறவை விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று பெயர் வாங்கியது. வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வருவது. அக்டோபர் வாக்கில் களைத்துப்போய்ச் சில சமயம் நகரத்துத் தோட்டங்களிலும் வந்து இறங்கும். அந்த வாரங்களில் கோடு தோன்றுவதைப் பார்த்துவிட்டு, தோட்டம் உள்ளவர்கள் கீழே சருகுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். கூடு, ஆந்தை அடையும் மரம் ஆகியவற்றின் சரியான இடத்தை மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். காமிராவும் கையுமாகக் கூட்டம் சேர்ந்துவிடும்.

தனியாகத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் தை மாதம் நல்ல நேரம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் தனியாகப் பணம் கட்டவோ பெயர் கொடுக்கவோ வேண்டியதில்லை. அந்த நாட்களில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து வழக்கம்போல் இ-பேர்டில் ஏற்றினால் கணக்கில் சேர்ந்துவிடும். காணும் பொங்கலன்று மட்டும் மெரினாவையும் கிண்டியையும் நம்பிப் புறப்படாதீர்கள். அன்றைக்கு மாடிதான் வசதி.